வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேய் வேஷம் போட்டவள் எழுதுவது

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் அய்யாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், செயற்குழுவில் இருக்கும் மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்துப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். "நமது பண்பாட்டுக்கு ஒவ்வாத அந்நியப் பேய்த் திருவிழாவை வளாகத்துக்குள் கொண்டாட அனுமதியில்லை." யார் பெயரையும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. இந்த நாற்பத்தெட்டு வீட்டில் வருஷா வருஷம் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் என்று சொல்லிப் பரங்கிக்காய்க்கு மூக்கு வெட்டுகிற ஆள் நான் ஒருத்திதான். தாளின் ஓரத்தில் யாரோ பேனாவால் சிரிக்கிற பேய் ஒன்று வரைந்திருக்கிறார்கள். அது என் பிள்ளைகள் வேலை இல்லை, விசாரித்துவிட்டேன்.

கூட்டத்துக்கு வந்து நேரில் பேசலாம் என்றுதான் நினைத்தேன். நேரில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும். அதனால் எழுதுகிறேன், எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் பரங்கிக்காய் அழுகி நீர் வடிந்தது என்னால்தான். அமெரிக்காவில் நான் முன்பு இருந்த நியூ ஜெர்சிக் குளிரில் வாசலில் வைத்த காய் பத்து நாள் ஆனாலும் கல் மாதிரி இருக்கும். காட்பாடிப் புழுக்கத்தில், ஐப்பசி மழைக்கு நடுவில், மூன்றாம் நாளே வாய் உள்ளே போய்ப் பல் விழுந்த கிழவி ஆகிவிட்டது. நான்காம் நாள் ஈ, எறும்பு. எனக்கு அந்த வாரம் நைட் டியூட்டி, கவனிக்கவில்லை. பெருக்க வரும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு நானே கழுவிவிட்டேன். மெழுகுவத்தி படியில் ஒழுகியதும் உண்மை. இந்த இரண்டுக்காகத் தடை போட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நீங்கள் எழுதியிருக்கும் காரணம் பண்பாடு. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன். 2013-ல் கணவரின் வேலைக்காக அமெரிக்கா போனோம். பெரியவளுக்கு இரண்டரை வயது. போய் மூன்று மாதம் ஆகியும் எதிர்வீட்டுக்காரர் முகம் எனக்குத் தெரியாது. அக்டோபர் கடைசி நாள், இருட்டுகிற நேரம், காலிங் பெல் அடித்தது. திறந்தால் முழங்கால் உயரத்தில் ஓர் எலும்புக்கூடு, ஒரு தேனீ, வெள்ளைப் போர்வை போர்த்திய இன்னொன்று. மூன்றும் பையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பிச்சை கேட்கிறார்கள் என்றே நினைத்தேன், சத்தியமாக. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. முந்தின நாள் சுட்ட முறுக்கு டப்பாவில் இருக்க, ஆளுக்கு இரண்டு போட்டேன். தேனீ ஒரு முறுக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பின்னால் நின்ற அதன் அம்மா சிரித்து, நன்றி சொல்லிக் கூட்டிப்போனாள்.

அந்த முறுக்கு அவர்கள் வீட்டுக் குப்பைக்குத்தான் போயிருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கம்பெனிக் காகிதம் சுற்றிய மிட்டாயைத் தவிர வேறெதையும் அன்றைக்கு அங்கே பிள்ளைகளைத் தின்ன விடமாட்டார்கள். யாராவது விஷம் வைத்திருப்பார்களோ என்று தலைமுறையாக ஒரு பயம். ஜோயல் பெஸ்ட் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர் 1958 முதலான செய்திகளை எல்லாம் தோண்டிப் பார்த்திருக்கிறார். இப்படி வீடு வீடாகப் போய் வாங்கிய தின்பண்டத்தில் முன்பின் தெரியாதவர் எதையோ கலந்து ஒரு குழந்தை செத்தது, பெரிய காயம் பட்டது என்று உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பேய்க்கு இல்லாத பயம், அண்டை வீட்டுக்காரர் மேல்.

அன்றைக்கு முப்பது தடவையாவது மணி அடித்திருக்கும். மூன்று மாதமாக அடிக்காத மணி. மறுநாள் தேனீயின் அம்மா ஒரு டப்பா மிட்டாயோடு வந்து, என் மகளுக்கு விடுபட்டுப் போனதே என்று கொடுத்தாள். நான்கு வருஷம் அங்கே இருந்தேன். எனக்கு அங்கே கிடைத்த சிநேகிதம் எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தின் வால் பிடித்து வந்ததுதான்.

2017-ல் திரும்பி வந்து இங்கே வீடு வாங்கினோம். சொந்த ஊர். நான் பிறந்தது விருதம்பட்டு, படித்தது எல்லாம் பாலாற்றுக்கு அந்தப் பக்கம். ஆனால் இந்தக் கட்டடத்தில் மணி அடித்தால் கொரியர், இல்லையென்றால் கேஸ் சிலிண்டர். எதிர்வீட்டில் பெரியவர் விழுந்து கால் முறிந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டருக்குப் படிக்கப் போனதற்குக் காரணம், திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்து கதவைத் தட்டியது என்று வேலூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அதையும் பரங்கிக்காயையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது, தெரியும். ஆனாலும் கதவு தட்டப்படுவதைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அந்தக் கதை வந்துவிடுகிறது.

சரி, அந்நியம். ஆமாம், அந்நியம்தான். மறுக்கவில்லை. அயர்லாந்துப் பக்கம் கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற ராத்திரியைக் கொண்டாடினார்கள். செத்தவர்கள் அன்றைக்கு வந்துபோவார்கள் என்று நம்பிக்கை. அதன் பெயரை உச்சரித்தால் ஏறக்குறைய 'சாவின்' என்று வரும். நம் காதுக்கு அது வேறு மாதிரி விழுகிறது, ஆனால் அவர்கள் மொழியில் கோடை முடிவு என்று பொருள் சொல்கிறார்கள். பிறகு திருச்சபை நவம்பர் 1-ஐப் புனிதர் அனைவருக்கும் உரிய நாளாக வைத்தது, மறுநாள் இறந்தவர்களுக்கு. நம் ஊரில் கல்லறைத் திருநாள் என்று பூவும் மெழுகுவத்தியுமாகப் போகிறார்களே, அதே நவம்பர் 2. புனிதர் நாளுக்கு முந்தின சாயங்காலம் என்பதுதான் ஹாலோவீன் என்ற சொல்லுக்கே அர்த்தம். இங்கிலாந்தில் அந்த நாள்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் செத்தவருக்காக வேண்டிக்கொள்கிறோம் என்று சொல்லிச் சின்ன ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறார்கள். அயர்லாந்தில் முகம் வெட்டியது டர்னிப் கிழங்கில். 1840-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் அமெரிக்கா போய் இறங்கியவர்களுக்கு அங்கே பெரிதாக, வெட்டச் சுலபமாகப் பரங்கிக்காய் கிடைத்தது.

அந்தக் காய்க்கு நாம் வைத்த பெயரைப் பாருங்கள். பரங்கிக்காய். பரங்கி என்றால் வெள்ளைக்காரன். வந்த வழியைப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் கூட்டு வைக்கிறோம், புளிக்குழம்பில் போடுகிறோம். மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதற்கு இன்னும் யாரும் லிஃப்ட் பக்கத்தில் தாள் ஒட்டவில்லை.

உள்ளே விளக்கு வைத்த அந்தக் காயை அவர்கள் ஜாக் ஓ லாண்டர்ன் என்கிறார்கள். அந்தப் பெயர் காய்க்கு வருவதற்கு முன்னால், ராத்திரியில் சதுப்பு நிலத்தில் தானாக மினுங்கி அலைகிற வெளிச்சத்துக்கு இருந்தது. நம் பாட்டிமார் ஏரிக்கரையில் பார்த்ததாகச் சொல்வார்களே கொள்ளிவாய்ப் பிசாசு, அதுவேதான்.

பண்பாட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டடம் எழும்பும்போது முன்வாசலில் என்ன தொங்கியது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? முட்டைக் கண், கோரைப் பல், நாக்கை நீட்டின பூத முகம் எழுதிய கல்யாணப் பூசணி. வீடு பார்க்க வந்த அன்று என் கணவர் எடுத்த போட்டோவில் அதுதான் நடுவில் நிற்கிறது. தலைவர் அய்யா பக்கத்தில் நின்று சிரிக்கிறார். பூசணியில் கறுப்பு மையில் எழுதினால் திருஷ்டி, பரங்கியில் கத்தியால் எழுதினால் அந்நியம் என்றால் எனக்கு வித்தியாசம் புரியவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. மாசி மாதம் மகா சிவராத்திரி முடிந்து பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காகச் சொல்கிறேன். பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளியதால் சிவன் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது. அவருக்கு விழுகிற பிச்சையை எல்லாம் அது தின்றது. அம்மன் சோற்றை மயானத்தில் வாரி இறைக்க, ருசி கண்ட கபாலம் அதைத் தின்னக் கீழே இறங்கியது. உடனே அங்காளியாக விசுவரூபம் எடுத்து மிதித்தாள். மேல்மலையனூரில் பெரிதாக நடக்கும். நம் ஊரில் ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் தேர் கட்டி இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வருவார்கள்.

எனக்கு ஐந்து வயது இருக்கும். அப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன். மணலெல்லாம் தலை. பம்பை காதைப் பிளந்தது. நீல முகம், சிவப்பு நாக்கு, கழுத்தில் எலுமிச்சை மாலை, வாயில் எலும்பைக் கவ்விக்கொண்டு ஒரு காளி நேராக என்னைப் பார்த்து வந்தது. அப்பாவின் தலைமுடியைப் பிடுங்கிவிடுவதுபோல் பற்றிக்கொண்டு கத்தினேன். சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் சில்லறையும் மேலிருந்து வந்து விழ, அம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள். எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. அதே காளி பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் கிளாஸைப் பிடித்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, பயந்துட்டியா?" என்றது. எங்கள் தெருப் பால்காரர்.

அன்றைக்கு எனக்குப் பயம் போய்விடவில்லை. அடுத்த வருஷமும் கத்தினேன். ஆனால் கத்திக்கொண்டே அந்த நீல முகத்துக்குள் பால்காரரைத் தேடினேன். அக்டோபர் 31 அன்று என் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்ப்பது அந்த டீக்கடைப் பெஞ்சைத்தான்.

இதை எழுதிவிட்டு, மயானக் கொள்ளையும் ஹாலோவீனும் ஒன்று என்று நான் சொல்கிறேன் என நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்தத் தப்பை நானும் செய்யப் பார்த்தேன். திருத்தியது நம் வாட்ச்மேன் அண்ணன். கணியம்பாடிப் பக்கத்துக்காரர். மாசியில் அவர் பத்து நாள் லீவு கேட்பது ஏன் என்று சங்கத்தில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? விரதம் இருந்து காளி வேஷம் கட்டுகிறவர் அவர். போன வருஷம் நான் வாசலில் உட்கார்ந்து பரங்கிக்காயைக் குடைந்துகொண்டிருந்தேன். நம் நேதாஜி மார்க்கெட் காய் தட்டையாக, பள்ளம் பள்ளமாக இருக்கும், கண் வெட்டினால் வாய்க்கு இடம் பற்றாது. கரண்டி வழுக்கி விதை எல்லாம் மடியில். "இன்னாம்மா, காய்க்கு மூஞ்சி வெச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கத்தியை வாங்கி, தோலை மட்டும் சீவிச் சதையை விட்டுவிட்டுப் புருவம் ஒன்று போட்டார் பாருங்கள். காய் முறைத்தது.

பிள்ளைகளுக்கு முகம் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவருடைய பெட்டியை எடுத்து வந்தார். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, பிள்ளையின் மோவாயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஈர்க்குச்சி நுனியால் கோடு இழுத்தார். ஐந்து நிமிஷத்தில் ஓர் எலும்புக்கூடு. என் சின்னவள் காளி வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவர் கை நின்றுவிட்டது. "பிசாசு, பூதம், எது வேணும்னாலும் எழுதறேம்மா. அம்மன் முகம் மட்டும் கேக்காதீங்க. அதுக்கு விரதம் இருக்கணும்" என்றார். சின்னவள் பூதமானாள்.

ஒன்று நேர்த்திக்கடன், மற்றது விளையாட்டு. அந்தக் கோட்டை ஒரு நொடியில், யார் மனமும் நோகாமல், அவர் போட்டுக் காட்டினார். உங்கள் தாளில் அப்படி ஒரு கோடு இருந்திருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மற்றவர்கள் சொன்னதும் என் காதுக்கு வந்தது. மூன்றாம் மாடிக் கிறிஸ்தவக் குடும்பம், இது சாத்தானின் நாள் என்றது. நான்காம் மாடி பாய் வீட்டில், எங்களுக்கு இது ஆகாது, பிள்ளைகளை அனுப்பமாட்டோம், வருகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறோம் என்றார்கள். சொன்னபடி ஆற்காடு மக்கன் பேடா கொடுத்தார்கள், அன்றைக்கு வசூலிலேயே உருப்படியானது அதுதான். செயலாளர் அம்மா, நீங்கள் "வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேய் வேஷமா?" என்று கேட்டீர்கள். இந்தக் கட்டடத்தில் மூன்று மதமும் ஒத்துப்போன விஷயம் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக இது ஒன்றுதான். போன வருஷம் 31-ந் தேதி வெள்ளியில் விழுந்தது நான் செய்ததில்லை. இந்த வருஷம் சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், யாரும் சாகவில்லை, சாயம்தான் பூசியிருக்கிறார்கள்.

வேண்டாத நாளில் விட்டும் கொடுத்திருக்கிறேன். 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது. அந்த வருஷம் பரங்கிக்காய் கூட்டாக மட்டும் வந்தது. பிள்ளைகள் பட்டாசை விட்டு எங்கே வருவார்கள்?

இன்னொன்று. பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அது கொஞ்சம் குத்தியது. உண்மையும் இருக்கிறது. முதல் வருஷம் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குச் சூனியக்காரி உடுப்பு வாங்கினேன், ஒரு மணி நேரத்தில் கிழிந்தது. இப்போது விதி, காசு கொடுத்து வேஷம் வாங்கக்கூடாது. பழைய வேட்டி, கண்மை, அட்டைப்பெட்டி. முதல் மாடிப் பையன் போன வருஷம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயாக வந்தான். அவன் அம்மாவின் ஊதா நிற நைட்டிக்குள் தலையணை, தலையில் பச்சைக் காகிதக் காம்பு, அதில் பல்குச்சியால் முள். பேயைவிட அதற்குத்தான் எல்லோரும் தள்ளி நின்றார்கள். வாட்ச்மேன் அண்ணனின் மகனும் வந்தான். அவன் முகத்தை அவன் அப்பா கடைசியாக, நிதானமாக எழுதினார். மற்ற பிள்ளைகளுக்கு வாய்த்ததைவிட நல்ல முகம், அதில் தப்பில்லை.

கடைசியாகத் தரைத்தளத்துப் பாட்டி. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். போன வருஷம் "மிட்டாயா? பேயா?" என்று பதினொரு பிள்ளைகள் போய்க் கத்தியதும் அவர் கதவைத் திறந்து, ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பார்த்து, "இதெல்லாம் ஒரு பேயா? உள்ள வாங்க, நான் சொல்றேன்" என்றார். மிட்டாய் இல்லை, பொட்டுக்கடலையும் சர்க்கரையும் இருந்தது. ஏரிக்கரையில் அவருடைய மாமனார் வண்டி ஓட்டி வரும்போது கொள்ளிவாய்ப் பிசாசு நெருப்புக் கேட்டதை முக்கால் மணி நேரம் சொன்னார். சுருட்டுப் பற்றவைக்கிற இடத்தில் அவரே விளக்கை அணைத்துவிட்டார். முள்ளுக் கத்திரிக்காய் அழுதுவிட்டது. மீதி வீடுகளுக்குப் போகவே இல்லை, யாரும் எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள்.

இந்த வருஷம் நான் கேட்பது இவ்வளவுதான். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை. படிக்கட்டில் காய் வைக்கமாட்டேன், என் வாசலில் மட்டும், உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் சின்ன பேட்டரி விளக்கு, மறுநாள் காலை காய் குழம்புக்குப் போய்விடும். அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு, வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அந்தக் கதவைப் பிள்ளைகள் தொடக்கூடாது. அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். வேண்டாதவர்கள் விளக்கை அணைத்துவிடுங்கள், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சாமி வேஷம் யாருக்கும் கிடையாது. செயலாளர் அம்மா வீட்டு விளக்கு அணைந்திருந்தாலும் அவருக்குரிய மிட்டாயை வாசல் கேட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்.

முடியாது, போட்ட தடை போட்டதுதான் என்றால் ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். தரைத்தளத்துப் பாட்டி போன வாரமே இரண்டு கிலோ கடலைமிட்டாய் வாங்கிச் சம்படத்தில் போட்டு வைத்திருக்கிறார். இந்தத் தடவை முனி கதை என்று சின்னவளிடம் சொல்லியும்விட்டார். அவருக்குக் கண் சரியில்லை, பலகையில் ஒட்டிய தாளைப் படித்திருக்கமாட்டார். யாராவது ஒருவர் போய் மணியடித்து, அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, பரங்கிக்காய் வீடு